ஏழு காய்களும் மூன்றாவது கட்டமும்

போன மாதம் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். செடி தேடும் வெளிக்களப் படிவத்தில் ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம் போதாதா, ‘பார்க்கவில்லை’ என்று மூன்றாவதாக ஒன்று எதற்கு, வேலை செய்யாதவனுக்கு அது ஒரு சாட்டுத்தானே என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனேன். எல்லாருக்கும் முன்னால் நின்று சொல்லக்கூடிய பதிலாக அது இருக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றவன் கதையைத் தொடங்கினால் நிறுத்தமாட்டான் என்று நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரியும். பயப்பட வேண்டாம். வேரோடு எப்படித் தோண்டுவது, தாளுக்குள் வைத்து எப்படி உலர்த்துவது என்பதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் செய்த இரண்டு பிழைகளை மட்டும் சொல்கிறேன். இரண்டும் ஒரே செடியின் பேரில் செய்தவை.

யுத்த காலத்தில் திருகோணமலைக் கந்தோரில் எங்கள் பிரிவுக்கு இருந்த ஒரே வெளிக்கள உத்தியோகத்தன் நான்தான். ஒரு அறை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, ஒரு தமிழ்த் தட்டச்சுப் பொறி. ஜன்னலால் எட்டிப் பார்த்தால் துறைமுகத் தண்ணீரில் ஒரு துண்டு தெரியும். மற்றக் கதிரையில் இருந்தவர் ரெஜினா. தட்டெழுத்தாளர். பாலையூற்றில் தாயோடும் ஒரு தம்பியோடும் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். அதிகம் கதைக்கமாட்டார். ஆனால் நான் எழுதிக் கொடுப்பதில் ஒரு குளத்தின் பெயர் பிழைத்தால் விரலை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் பயந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் மனைவியும் மகளும் இந்தக் கதை நடப்பதற்கு முதல் வருடமே படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். என்னையும் வரச்சொல்லி மனைவி கெஞ்சினாள். அரசாங்க வேலையை விட்டு எப்படி வருவது என்றேன். ஊருக்கும் அதையே சொன்னேன். உண்மை வேறு. துறைமுகத்தைப் பார்த்தே வளர்ந்த எனக்குப் படகில் ஏறப் பயம். தண்ணீரில் முளைக்கும் செடிகளைத் தேடித் திரிவதே என் பிழைப்பு. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் கரையேறிவிடுவேன். இதைச் சொல்ல வெட்கப்பட்டு, கடமையின் பேரைச் சொல்லிக்கொண்டு நான் தனியே நின்றுவிட்டேன். வீட்டில் ஒரு கோப்பை, ஒரு பீங்கான், ஒரு பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பதற்கு ஆள் இல்லாமல் பாண் வாங்கும் கடையில் தேவைக்கு மேல் நிற்பேன்.

இனிச் செடிக்கு வருவோம். ஆரைக்கீரையை உங்கள் எல்லாருக்கும் தெரியும். நாலு இலை சேர்ந்து ஒரு தண்டில் நிற்கும். வறை வறுத்துச் சாப்பிட்டிருப்பீர்கள். அது கீரையே அல்ல, தண்ணீரில் வளரும் பன்னம், அதாவது பெரணி என்பது நம் தொழிலுக்கு வந்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும். நான் தேடியது அதன் உறவுக்காரியை. பார்வைக்கு ஆரையேதான். ஆனால் இலை சிறியது, விளிம்பில் மெல்லிய பற்கள் இருக்கும், காய் நீளமான காம்பில் தனியே நிற்கும். ஊரில் அதற்குத் தனிப் பெயர் கிடையாது. கீரை பிடுங்குகிறவர்கள் அதையும் சேர்த்துப் பிடுங்கிக் கொண்டுபோய்ச் சமைத்துவிடுவார்கள். அபூர்வம் என்பது அடுப்புக்குத் தெரியாது.

இந்தப் பன்னம் பூக்காது, விதை வைக்காது. மடுவில் தண்ணீர் நிறைந்திருக்கும்வரை ஓடுதண்டு விட்டுப் படர்ந்துகொண்டேயிருக்கும். தண்ணீர் வற்றி, சேறு வெடிக்கத் தொடங்கும்போதுதான் தண்டின் அடியில் மிளகளவில் ஒரு கறுத்த காய் வைக்கும். கல்லுப்போல இறுகிய காய். விதைக்குப் பதிலான ஆண் வித்தியும் பெண் வித்தியும் அதற்குள்ளேதான் அடுத்தடுத்துக் கிடக்கும். ஆனால் வெளித்தோடு உடைந்து தண்ணீர் வந்தால்தான் ஒன்றையொன்று சேரும். அதுவரை வருடக்கணக்காகச் சேற்றுக்குள் காத்திருக்கும். இதை முதன்முதலில் நுணுக்குக்காட்டியில் பார்த்த அன்று எனக்கு மனைவியின் நினைவு வந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் தண்ணீர் கூடிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் செடி எங்கெங்கே இருக்கிறது, எங்கே காய்க்கிறது என்று மாவட்டம் முழுவதும் பார்த்து அட்டவணை அனுப்பச் சொல்லித் தலைமைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருந்தது. அனுப்பியவர் எங்கள் பிரிவின் தலைவர். சிங்களவர். இளமையில் திருகோணமலையில் வேலை பார்த்தபோது தமிழ் படித்தவர். அறிக்கையைத் தமிழிலேயே அனுப்புங்கள், நான் வாசிப்பேன் என்பார். அவருடைய எழுத்து மட்டும் கொஞ்சம் சரிந்து விழும். நான் தொழில் படித்தது அவருடைய கடிதங்களில்தான். நேரில் கண்டது மூன்று தடவையோ என்னவோ.

சாம்பல்தீவுப் பக்கம் வயலோரத்தில் ஒரு மடு. பாதையிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே செடி இருந்தது. ஆடி மாதம் போனபோது சேறு வெடித்து, காயும் வைத்திருந்தது. ஏழு காய்களை எடுத்து ஒரு பிலிம் டப்பாவுக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் டப்பாவைக் குலுக்கி, மூடியைத் திறந்து, மணந்து பார்த்தான். மிளகு மணக்கவில்லை என்று அவனுக்கு ஏமாற்றம் போலிருந்தது. தந்துவிட்டான்.

நகரைச் சுற்றியிருந்த மற்றக் குளங்களில் செடி இல்லை. இறங்கித் தேடிவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் மூதூர், தோப்பூர்ப் பக்கத்தில் ஒன்பது குளங்கள் பட்டியலில் இருந்தன. அங்கே போக ஒழுங்கான வழி இருக்கவில்லை. தரைப்பாதை மூடிக்கிடந்தது. லோஞ்ச் படகு எப்போதாவது ஓடும். ஓடிய நாட்களிலும் நான் அதில் ஏறவில்லை. யுத்தம் பாதி, என் பயம் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியில் அட்டவணை போக வேண்டும். அந்தக் காலப் படிவத்தில் இரண்டு கட்டம்தான், உண்டு அல்லது இல்லை. ஒன்பது குளத்துக்கும் நேரே என்ன எழுதுவது என்று ஒருநாள் முழுவதும் யோசித்தேன். போகவில்லை என்று எழுதினால், போகாமல் அங்கே என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்பார்கள். பிரிவை மூடிவிட்டு என்னை எங்காவது மாற்றிவிடுவார்கள். அந்த அறையும், ஜன்னல் தண்ணீரும், ரெஜினாவின் தட்டச்சுச் சத்தமும்கூட இல்லாமற்போனால் எனக்கு என்ன மிச்சம் என்று பயந்தேன். ஒன்பதுக்கும் ‘இல்லை’ என்று எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பார்கள் என்பார்களே, நான் ஒன்பது குளத்தை மறைத்தேன். அதோடு விடாமல், சுவரில் ஒட்டியிருந்த என் கைப்படத்தில் அந்த ஒன்பதின் மேலும் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன்.

ரெஜினா தட்டச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“இந்த ஒன்பது குளத்துக்கும் போனனீங்களோ சேர்?”

“போக ஏலாது எண்டு உமக்குத் தெரியும்தானே.”

“தெரியும். அதுதான் கேக்கிறன்.”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னர்தான் ரெஜினாவின் தம்பியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. ரெஜினா ஒவ்வொரு திங்கட்கிழமையும் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு ஒரு இராணுவ முகாம் வாசலில் போய் நின்றுவிட்டு வருவார். என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் நோகும் என்று கேட்கவில்லை என்பேன். கேட்டால் நான் ஏதாவது செய்ய வேண்டிவரும் என்பதும் ஒரு காரணம்.

அன்றைக்கு அவராகவே சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

“வாசல்ல நிண்டவர் பேர்ப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை சேர். என்ர முகத்தைப் பாத்துப்போட்டு, இல்லை எண்டு சொன்னவர். திறந்து பாத்துப்போட்டுச் சொல்லியிருந்தால் நான் வீட்டை போயிருப்பன்.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்று தெரிந்ததால் வந்த கோபம். “அது வேற கதை, இது வேற கதை. நீர் அடியும் பிள்ளை” என்றேன். அவர் தாளைப் பொறிக்குள் சுருட்டினார். பின்னேரம் தபால் பை போகும் நேரத்தில் மூன்று பிரதிகளையும் கொண்டுவந்து வைத்தார். நான் வாசிக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்க்க எனக்கு மனம் இருக்கவில்லை. கீழே ஒப்பம் வைத்துக் கொடுத்துவிட்டேன். இது என் முதலாவது பிழை. இன்றைக்கும் ‘அது வேற கதை’ என்று நான் சொன்னதை நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது.

பங்குனியில் சாம்பல்தீவு மடு போய்விட்டது. இயந்திரம் வந்து சேற்றை வழித்து மண் அணை கட்டினார்கள். சுற்றிவர முள்ளுக்கம்பி வந்தது. பாதையில் நின்று பார்த்தேன். நின்று பார்க்கவும் கூடாது என்று கையைக் காட்டினார்கள். செடியும் காயும் வேரும் அந்த அணைக்குள் எங்கேயோ கிடந்தன. கந்தோருக்கு வந்து சுவரைப் பார்த்தேன். மற்ற எல்லா இடத்திலும் சிவப்புக் குறி. இருந்த ஒரே இடமும் போய்விட்டது. மாவட்டத்தில் மிச்சமிருப்பது என் மேசை லாச்சிக்குள் கிடக்கும் ஏழு காய்கள்தான் என்று முடிவுகட்டினேன்.

கவனியுங்கள். அந்தக் குறிகளைப் போட்டவனே நான். பாராமல் போட்டவை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நாலு மாதம் அவற்றை ஒவ்வொரு நாளும் பார்த்ததில், அவை நான் கண்ட உண்மைபோல ஆகிவிட்டன. ஊரை ஏமாற்றுகிறவன் ஒருநாள் பிடிபடுவான். தன்னை ஏமாற்றுகிறவனைப் பிடிக்க ஆள் கிடையாது.

தலைவருக்கு எழுதினேன். மடு போய்விட்டது, ஏழு காய்தான் இருக்கிறது, முளைக்கவைத்துப் பெருக்கட்டுமா என்று கேட்டேன். பதில் வர ஐந்து கிழமை பிடித்தது. சரிந்த எழுத்தில் எழுதியிருந்தார். அவசரப்பட வேண்டாம், ஒரே மழைக்கு எல்லாக் காயும் திறப்பதில்லை, சில திறக்கும், சில அடுத்த மாரிக்குக் காத்திருக்கும், அந்தச் செடி இவ்வளவு காலம் பிழைத்தது அதனால்தான், ஆகவே இரண்டை நனையுங்கள், ஐந்தை வைத்திருங்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: பார்க்காத குளங்களைப் பாதை திறந்ததும் பாருங்கள்.

அந்தக் கடைசி வரி எனக்கு விளங்கவில்லை. ஒன்பதிலும் இல்லை என்று நான் எழுதியனுப்பிய பிறகு இந்த மனுசன் ஏன் பார்க்காத குளம் என்கிறார்? வயதுபோய்விட்டது, அட்டவணையை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எரிச்சலோடு கடிதத்தை மடித்து வைத்தேன். அவர் சொன்ன மற்றதையும் அதோடு சேர்த்து மடித்துவிட்டேன்.

அந்தக் கிழமைதான் மகளின் கடிதம் வந்தது. அம்மாவும் தானும் வேறு நாட்டுக்குப் போக ஒழுங்காகிறது, இனித் திருகோணமலைக்கு வர மாட்டோம் போலிருக்கிறது, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் அப்பா என்று எழுதியிருந்தாள். இரண்டு நாள் சமைக்கவில்லை. மூன்றாம் நாள் கந்தோருக்குப் போய் லாச்சியைத் திறந்து டப்பாவை எடுத்தேன். ஒரு பச்சையைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. என் கையால் ஏதாவது ஒன்று உயிரோடு வர வேண்டும்போல இருந்தது.

இரண்டு காயின் தோட்டைச் சவர அலகால் கீறி ஒரு வெள்ளைப் பீங்கானில் தண்ணீர் விட்டுப் போட்டேன். சற்று நேரத்தில் உள்ளிருந்து பசைபோல ஒரு நூல் நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. எத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தாலும் அது எனக்குப் புதிதுதான். இரண்டு முளைக்காவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். மூன்றாவதைக் கீறினேன். பிறகு நாலாவது, ஐந்தாவது. பிறகு வைப்பதற்கு இரண்டு எதற்கு என்று அவற்றையும் கீறினேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். தனியே இருப்பவனுக்கு அதைவிட மட்டு.

ஒரு கிழமையில் பீங்கான் பச்சையாகிவிட்டது. ஊசிமுனை அளவில் முளைகள். வெளிச்சத்துக்காக ஜன்னலோரத்தில் வைத்தேன். மதியப் பாணை அதன் முன்னாலிருந்துதான் சாப்பிட்டேன். அந்த முளைகளோடு கதைத்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ரெஜினாவும் சிரித்தார். தம்பி போன பிறகு அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை சுற்றிவளைப்பு, அதன் பின்னால் ஊரடங்கு. வீட்டை விட்டு வெளியே வரமுடியவில்லை. பாலையூற்றிலிருந்து ரெஜினாவாலும் வரமுடியவில்லை. கந்தோர் பூட்டிக் கிடந்தது. கச்சான் காற்று வீசும் காலம். கொடியில் போட்ட ஈரத்துணி உதறுமுன் காய்ந்துவிடும். நான் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்து பீங்கானில் தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று மனதால் அளந்துகொண்டிருந்தேன். முதல்நாள் அரை விரல். இரண்டாம் நாள் கால் விரல். மூன்றாம் நாளுக்குப் பிறகு அளப்பதை விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் கதவைத் திறந்தபோது பீங்கானில் பழுப்பு நிறத்தில் ஒரு படலம்தான் இருந்தது. விரலால் தொட்டேன். தூளாக வந்தது. தண்ணீர் விட்டேன். பயனில்லை என்று தெரிந்துதான் விட்டேன்.

ரெஜினா வந்து பார்த்தார். “எல்லாத்தையும் போட்டனீங்களோ?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அவர் தன் கதிரையில் போய் இருந்தார். அன்று முழுவதும் தட்டச்சுச் சத்தம் கேட்கவில்லை. இது என் இரண்டாவது பிழை. கடைசி என்று நினைப்பவன்தான் அவசரப்படுவான். அது கடைசிதானா என்று நான் பார்த்திருக்கவே இல்லை. முதலாவது பிழையைச் செய்திராவிட்டால் இரண்டாவதையும் செய்திருக்கமாட்டேன்.

அடுத்த வருடம் ரெஜினாவை வேறு திணைக்களத்துக்கு மாற்றினார்கள். கந்தோரை ஒரு சின்ன அறைக்கு மாற்றியபோது பழைய கோப்புகள் பல தொலைந்தன. தலைவர் ஓய்வு பெற்றார். சில வருடத்தில் காலமானார் என்று கேள்விப்பட்டேன். செத்த வீட்டுக்குப் போகவும் பாதை இருக்கவில்லை. மனைவியும் மகளும் குளிர்நாட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை. அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலைக்குப் போனேன், வந்தேன்.

பிறகு பாதை திறந்த ஒரு காலம் வந்தது. எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம்தான் இருந்தது. ஒரு ஆவணிக் காலை மூதூர் லோஞ்சில் ஏறினேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, தலைசுற்றாமல் இருக்கத் தேசிக்காய் ஒன்றைத் தந்து மணக்கச் சொன்னார். தோப்பூருக்கு அப்பால், என் படிவத்து ஒன்பதில் முதலாவது குளம், ஓரத்தில் சேறு வெடித்துக் கிடந்தது. இலை ஒன்றும் இல்லை. பார்த்தவுடன் எவனும் ‘இல்லை’ என்றுதான் எழுதுவான். நான் குந்தியிருந்து வெடிப்புக்குள் விரலை விட்டுத் தோண்டினேன்.

வயற்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்ன தேடுகிறேன் என்று விசாரித்தார். ஆரைக்கீரை என்றேன். “மாரியில வாங்க. இப்ப இருக்கிற மாதிரித் தெரியாது. ஆனா உள்ளுக்க கிடக்கும்” என்றார். நான் அத்தனை வருடம் படித்ததை அவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

பதினொரு காய் கிடைத்தது. நீளக் காம்பில், தனித்தனியாக. மூன்றை மட்டும் நனைத்தேன். எட்டை வைத்தேன். முதலில் வந்தது ஒற்றை இலை. பிறகு இரண்டு பிரிவு. பிறகு நாலு. நாலு வந்தபிறகும் ஆரையா, உறவுக்காரியா என்று தெரியாமல் கிழமைக்கணக்காகக் காத்திருந்தேன். ஒரு காலையில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது விளிம்பில் பற்கள் தெரிந்தன. அறையில் வேறு எவரும் இல்லை. அழுதேன்.

சந்தோஷம் ஒரு பக்கம். மறுபக்கம், நான் இல்லை என்று எழுதிய இடத்தில் அது இருந்திருக்கிறது. அந்தப் பொய்யோடு ஓய்வுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. தலைமைக் கந்தோருக்குப் போனேன். பழைய அட்டவணையை எடுங்கள், அதில் நான் ஒரு பிழை செய்திருக்கிறேன், திருத்தி ஒப்பம் வைக்க வேண்டும் என்றேன். கோப்பறையில் இருந்தவர் அரைநாள் தேடித் தூசு தட்டிக் கொண்டுவந்தார்.

தோப்பூர்ப் பக்கத்து ஒன்பது குளங்கள் வரிசையாக இருந்தன. உண்டு, இல்லை என்ற இரண்டு கட்டமும் வெறுமையாக இருந்தன. இரண்டுக்கும் குறுக்கே, ஒன்பது தடவை, ஒரு எழுத்துப் பிசகாமல், ‘பார்க்கவில்லை’ என்று தட்டச்சடித்திருந்தது. கீழே என் ஒப்பம். ஓரத்தில் பென்சிலால் சரிந்த எழுத்தில் தலைவர் ஒரு சொல் எழுதியிருந்தார்: நம்பலாம்.

அவர் என்னை நம்பினார். அந்தக் கடைசி வரியையும் அதனால்தான் எழுதினார். நான் அந்த நம்பிக்கைக்கு உரியவன் அல்ல என்று தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். கோப்பறை உத்தியோகத்தர் எங்கே சேர் பிழை என்று கேட்டார். இதில் இல்லை என்றேன்.

ஊர் திரும்பிய மறுநாள் பாலையூற்றுக்குப் போனேன். ரெஜினாவுக்குத் தலை நரைத்துவிட்டது. தாய் காலமாகிவிட்டார். தனியேதான் இருந்தார். கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி தந்தார். நான் விடயத்தைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

“எனக்கு அந்த ‘இல்லை’ எண்ட சொல்லை அடிக்க ஏலாமல் இருந்தது சேர். தம்பிக்கும் சேர்த்து அடிக்கிற மாதிரி இருந்தது.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“ஒப்பம் வைக்க முன்னம் வாசிப்பீங்கள் எண்டு நினைச்சன்.”

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். பிறகு அந்தக் குளத்தில் செடி இருந்ததா என்று கேட்டார். இருந்தது, வெளியே ஒன்றும் தெரியவில்லை, சேற்றுக்குள் இருந்தது என்றேன். அவர் அதைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாதோ என்று பயந்தேன். செடி வேறு, ஆள் வேறு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். தம்பியைப் பற்றி நிரப்பித் தரச்சொல்லிக் கொடுத்த படிவம். அத்தனை வருடமாக ஒவ்வொரு கந்தோரும் மாறி மாறி அதைத்தான் கொடுத்ததாம். பெயர், வயது, கொண்டுபோன இடம் எல்லாம் நிரப்பியிருந்தது. ஓரிடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

“இதிலயும் ரெண்டு கட்டம்தான் சேர். உயிரோட இருக்கிறார், இறந்திட்டார். நான் எதில போட?”

நான் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தக் கிழமையே தலைமைக் கந்தோருக்கு எழுதினேன், எங்கள் படிவத்தில் மூன்றாவது கட்டம் ஒன்று வேண்டும் என்று. காரணம் கேட்டார்கள். சேற்றுக்குள் காய் பல வருடம் உயிரோடு கிடக்கும், ஆகவே பாராமல் இல்லை என்று எழுதக்கூடாது என்று விளக்கம் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். நான் ஓய்வுபெற்ற அன்று, அந்தக் கட்டம் என் யோசனை என்று மாலை போட்டுப் பேசினார்கள். எழுந்து மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அதையும் இப்போது மறுத்துவிடுகிறேன். அது ரெஜினாவின் கட்டம்.

போகமுடியாத குளத்துக்கு நேரே அதில் வெட்கப்படாமல் அடையாளம் போடுங்கள். பாதை திறந்ததும் போய்ப் பாருங்கள். ஒரு பன்னத்துக்காக ஒரு படிவத்தை மாற்ற என்னால் முடிந்தது. அதற்கு மேல் முடியவில்லை. ரெஜினா இன்னும் பாலையூற்றில்தான் இருக்கிறார். அவருடைய படிவத்தில் இன்னும் இரண்டு கட்டம்தான் இருக்கிறது.